எடை விழாத இடம்

எனக்குப் புண் வந்திருப்பது எனக்குத்தான் கடைசியாகத் தெரிந்தது. இடுப்புக்குக் கீழே எனக்கு உணர்வு கிடையாது. முதுகெலும்பு ஒடிந்து, ஆஸ்பத்திரியில் கம்பி வைத்து, வீட்டுக்குக் கொண்டுவந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. ஒரு காலையில் துணி மாற்றுவதற்காக என் வீட்டுக்காரர் என்னை ஒருக்களித்துப் புரட்டினார். புரட்டிய கை என் தோளில் அப்படியே நின்றுவிட்டது.

"இன்னாங்க?" என்றேன்.

"ஒண்ணுமில்ல. கொஞ்சம் செவந்து போயிருக்குது."

அவர் பொய் சொல்லத் தெரியாதவர். குரலே வேறு மாதிரி இருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் "ஐயோ" என்று சொல்லிவிட்டு, உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு அந்த அறையில் இருந்த மூன்று பேரில் என்னைத் தவிர மற்ற இரண்டு பேரும் என் உடம்பைப் பார்த்துவிட்டார்கள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விபத்து பெரிதாக ஒன்றுமில்லை. அதைச் சொன்னால் கேட்பவர்களுக்கு ஏமாற்றமாகக்கூட இருக்கும். லாரி இடிக்கவில்லை. நெட்டப்பாக்கத்தில் என் அம்மா வீட்டுக்குப் போய்விட்டு ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் பாகூர்ப் பக்கம் எங்கள் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். மகள் பைக்கில் அவருக்கு முன்னால், நான் பின்னால் ஒருபக்கமாக. மடியில் அம்மா கொடுத்த முருங்கைக்காய்க் கட்டு. சாலையில் புதிதாக ஒரு ஸ்பீடு பிரேக்கர் போட்டிருந்தார்கள். வெள்ளைக்கோடு இன்னும் போடவில்லை. வண்டி தூக்கிப் போட்டது. நான் மல்லாக்க விழுந்தேன். அவர் ஏதோ பேசிக்கொண்டே போயிருக்கிறார். பதில் வராததால்தான் திரும்பிப் பார்த்தாராம்.

எனக்கு வலி இல்லை. வானம் தெரிந்தது. முருங்கைக்காய்கள் சிதறிக் கிடந்தன. எழுந்து பொறுக்க வேண்டும் என்று நினைத்தேன். நினைத்தது கால் வரைக்கும் போய்ச் சேரவில்லை.

அதற்கு முன்னால் நான் மருந்து கம்பெனி ஒன்றில் பேக்கிங் பிரிவில் வேலை பார்த்தேன். பி.ஏ. தமிழ் படித்தவள், அட்டைப்பெட்டிக்குள் மாத்திரை அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை. சாயந்திரம் கம்பெனி வேனில் உட்கார இடம் கிடைத்தால் அதுவே சொர்க்கம் என்று நாங்கள் பேசிக்கொள்வோம். வீட்டுக்காரர் மினி லாரி ஓட்டுகிறார். செங்கல், ஜல்லி, கல்யாண வீட்டுப் பாத்திரம், எது கிடைத்தாலும் ஏற்றுவார். மகள் அப்போது மூன்றாம் வகுப்பு.

புண்ணைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போனோம். அறுவை சிகிச்சைப் பிரிவில் ஒரு பெண் டாக்டர். என்னைவிடச் சின்ன வயது இருக்கும். புண்ணைப் பார்த்துவிட்டுத் திட்டுவார் என்று நினைத்தோம். திட்டவில்லை. என் வீட்டுக்காரரின் கையைப் பிடித்து, புறங்கையில் தன் கட்டைவிரலை அழுத்தினார். பிறகு எடுத்தார்.

"பாருங்க, வெள்ளையாயிடுச்சா? ரத்தம் வெலகிப் போச்சு. விரலை எடுத்தா திரும்பி வருது. இவங்க மல்லாக்கப் படுத்தே இருக்கறப்ப, பின்னால எலும்பு அந்த இடத்துல அழுத்திக்கிட்டே இருக்குது. நமக்குன்னா வலிக்கும், புரண்டு படுப்போம். இவங்களுக்கு வலிக்காது. அப்ப விரலை எடுக்கறது யாரு?"

வீட்டுக்காரர் தன் புறங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மருந்து எழுதித் தரேன். ஆனா மருந்தால மட்டும் ஆறாது. அந்த எடத்துல எடை விழாம இருந்தா உடம்பே ஆத்திக்கும். உக்கார வைக்காதீங்க. மல்லாக்கப் படுக்க வைக்காதீங்க. குப்புறப் படுக்க வைங்க, நடுநடுவுல ஒருக்களிச்சு. ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஒரே பக்கம் வேணாம்."

"எத்தினி நாளைக்கு டாக்டர்?"

"நாள் கணக்கு இல்லங்க இது."

அப்படித்தான் நான் குப்புறப் படுக்க ஆரம்பித்தேன்.

படுத்தால் போதும் என்று நினைப்பீர்கள். அது அத்தனை லேசு இல்லை. மார்புக்குக் கீழே ஒரு தலையணை. வயிற்றுக்கு இடம் விட்டு, தொடைக்குக் கீழே ஒன்று. முழங்கால் கட்டிலில் படக்கூடாது. கணுக்காலுக்குச் சற்று மேலே, அடியில் ஒன்று வைத்துப் பாதங்களை அந்தரத்தில் தொங்கவிட வேண்டும், இல்லாவிட்டால் கால்விரல்களில் அடுத்த புண் வரும். சிறுநீர்க் குழாய் மடங்காமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சேலைத் தலைப்பின் மடிப்பு, ஒரு சின்னக் கொக்கி, ஒரு சோற்றுப் பருக்கைகூட அடியில் கிடக்கக்கூடாது. என் வீட்டுக்காரர் லாரியில் பாத்திரம் அடுக்குகிற மனிதர். எது எதன் மேல் சாய்ந்தால் எது நசுங்கும் என்று அவருக்குத் தெரியும். முதல் வாரம் தடுமாறினார். அப்புறம் தலையணை வைத்து முடித்ததும், நான்கு பக்கமும் கையை விட்டுப் பார்த்து, "உம்" என்று ஒரு சத்தம் கொடுப்பார். லோடு ஏற்றியதும் கயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு அவர் கொடுக்கிற அதே சத்தம்.

காற்று மெத்தை ஒன்றும் வாங்கினோம். சின்ன மோட்டார், இரவும் பகலும் முனகிக்கொண்டே இருக்கும். ஒரு வரிசைக் குழாயில் காற்று ஏறும்போது அடுத்த வரிசையில் இறங்கும். என் உடம்பின் எடையை அது கை மாற்றிக் கை மாற்றி வாங்கிக்கொண்டிருந்தது.

குப்புறப் படுத்தவளுக்கு உலகம் முழங்காலுக்குக் கீழேதான். தரையும் கட்டில் காலும் வாசற்படியும் வருகிறவர்களின் பாதங்களும் தெரியும். யார் வருகிறார்கள் என்பதைச் செருப்பு கழற்றும் விதத்திலேயே கண்டுபிடிப்பேன். பேச வருகிறவர்கள் நின்றுகொண்டே பேசுவார்கள். என் முகத்தைப் பார்க்க வேண்டும் என்றால் தரையில் உட்கார வேண்டும். அது சிலருக்குத்தான் தோன்றும். மற்றவர்கள் என் முதுகோடு பேசிவிட்டு, முதுகுக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போவார்கள். கம்பெனித் தோழிகள் இரண்டு பேர் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு வந்தார்கள். ஒருத்தி அறைக்குள் வந்ததும் மூக்குக்குத் தன் துப்பட்டாவைக் கொண்டுபோனாள், உடனே வியர்வை துடைப்பது போல் மாற்றிக்கொண்டாள். நான் அவள் பாதத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இருந்தும் தெரிந்தது. பாதம் ஒரு எட்டு பின்னால் போனது.

சாப்பாடு ஒரு தாழ்ந்த ஸ்டூலில். தலையைக் கட்டிலுக்கு வெளியே நீட்டி, ஒரு முழங்கையை ஊன்றிக்கொண்டு, மறுகையால் சாப்பிட வேண்டும். ரசம் சோறு ஆகவே ஆகாது. மூக்கில் ஏறிவிடும். மே மாத வெயிலில் மார்பும் வயிறும் தலையணையில் ஒட்டிக்கொள்ளும். முழு மூச்சு எடுக்க முடியாது. எந்தப் பெண்ணுக்கும் தன் பின்பக்கம் இப்படித் திறந்து கிடப்பது சாவுதான். நான் அதையும் பழகிக்கொண்டேன். பழகுவது என்று சொல்வது தவறு. கூச்சப்படுவதற்கு ஒரு தெம்பு வேண்டும், அது தீர்ந்துபோயிற்று.

மகளை என் அம்மா நெட்டப்பாக்கத்துக்கு அழைத்துக்கொண்டு போனாள். அங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாள். ஆரம்பத்தில் கட்டிலுக்கு அடியில் பாயைப் போட்டு, என் முகத்துக்கு நேர் கீழே மல்லாக்கப் படுத்துக்கொண்டு பேசுவாள். ஒருமுறை என் கண்ணீர் அவள் நெற்றியில் விழுந்துவிட்டது. அவள் துடைத்துக்கொண்டாள். அடுத்த வாரம் பாயைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து ஒரு நர்ஸ் வாரத்துக்கு இருமுறை வந்து கட்டு மாற்றுவார். பனித்திட்டு ஊர்ப் பக்கத்துப் பெண். சத்தமாகப் பேசுவார், ஸ்கூட்டியை நிறுத்தும்போதே பேச்சு தொடங்கிவிடும். மற்ற நாட்களில் வீட்டுக்காரரே கட்டு மாற்றுவார். உப்புத் தண்ணீரால் கழுவி, ஈரத் துணியை உள்ளே வைத்து, மேலே கட்டு. "உள்ளே" என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் நான் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொள்வேன். என் உடம்பில் துணி திணிக்கிற அளவுக்கு ஓர் உள்ளே இருந்தது.

ஒருநாள் கேட்டேன். "போட்டோ எடுத்துக் காட்டுங்க."

"வேணாம்டி."

"என் உடம்புதானே."

எடுத்துக் கொடுத்தார். போனைக் கையில் வாங்கிக் கட்டிலுக்குக் கீழே பிடித்துக்கொண்டு பார்த்தேன். ஒரு எலுமிச்சம்பழத்தை அதில் வைத்தால் உள்ளே போய்விடும். விளிம்பெல்லாம் கறுப்பு. நடுவில் மஞ்சளாக ஏதோ. அழுகை வரவில்லை. வேறு யாருடைய புண்ணையோ பார்ப்பது போலத்தான் இருந்தது. வலி இருந்திருந்தால் அது என்னுடையது என்று ஒப்புக்கொண்டிருப்பேன்.

ஆனால் அது ஆறத் தொடங்கியது. இதைச் சொல்லியாக வேண்டும். ஆஸ்பத்திரியில் கறுப்பை வெட்டி எடுத்த பிறகு, அடியிலிருந்து சிவப்பாகச் சதை எழும்பியது. நர்ஸ் அதைப் பார்த்துவிட்டு, "யம்மா, மாதுளம்பழம் மாதிரி இருக்குதும்மா" என்று கத்தினார். வீட்டுக்காரர் வாரா வாரம் போட்டோ எடுத்தார். எலுமிச்சம்பழம் நெல்லிக்காய் ஆனது. நெல்லிக்காய் புளியங்கொட்டை ஆனது. டாக்டர் பார்த்துவிட்டு, பொங்கல் கழியட்டும், ஒரு சின்ன அறுவை செய்து பக்கத்துச் சதையை இழுத்து மூடிவிடலாம், அப்புறம் குஷன் போட்டுச் சக்கர நாற்காலியில் உட்காரப் பழக்கலாம் என்றார். திரும்பி வரும்போது வண்டியில் குப்புறப் படுத்தபடியே நான் கணக்குப் போட்டேன். நாற்காலியில் உட்கார்ந்தால் அடுப்பைத் தாழ்த்திக் கட்டிச் சமைக்கலாம். மகள் திரும்பி வந்துவிடலாம். அவளுக்குத் தலை பின்னலாம். நின்றுகொண்டு மாத்திரை அட்டை அடுக்கியவளுக்கு உட்கார்வது ஒரு பதவி போலத் தெரிந்தது.

அந்தக் கார்த்திகையில் புயல் வந்தது.

புயலைக்கூடத் தாண்டிவிட்டோம். ஓட்டில் இரண்டு உடைந்தது, முற்றத்து வாழை சாய்ந்தது, அவ்வளவுதான். மின்சாரம் நின்றது. மோட்டார் முனகல் ஓய்ந்ததும் வீடு செத்துப்போனது போல் இருந்தது. மெத்தை என் கீழே மெதுவாக இளைத்து இளைத்து, கடைசியில் வெறும் ரப்பர் தாளாகிக் கட்டிலோடு ஒட்டிக்கொண்டது. அவர் வீட்டில் இருந்த பழைய சேலைகளையெல்லாம் மடித்துத் தலையணை உறைக்குள் திணித்து, எனக்குக் கீழே முட்டுக்கொடுத்தார். புரட்டுவதை அடிக்கடி ஆக்கினார். மழை விட்டது. ஊரே வெளியே வந்து சாய்ந்த மரங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. அதற்கப்புறம்தான் தென்பெண்ணையில் தண்ணீர் வந்தது.

விடிந்து கொஞ்ச நேரம் இருக்கும். நான் குப்புறப் படுத்திருந்ததால் வீட்டில் முதலில் பார்த்தது நான்தான். வாசற்படிக்கு மேலே ஒரு நூல் போலத் தண்ணீர் எட்டிப் பார்த்தது. பிறகு வழிந்து உள்ளே இறங்கியது. செம்மண் நிறம். அதில் ஒரு தேங்காய் மட்டை மிதந்து வந்து கட்டில் காலில் மோதி நின்றது.

"ஏங்க, தண்ணி வருதுங்க."

"மழத் தண்ணியா இருக்கும்."

"மழத் தண்ணி இல்லங்க. ஓடி வருது."

அவர் வந்து பார்ப்பதற்குள் கணுக்கால் அளவு. கட்டிலைச் செங்கல் வைத்து உயர்த்தலாம் என்று ஓடினார். செங்கலோடு வந்தபோது முழங்கால் அளவு. நான் தலையைத் தொங்கப் போட முடியாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். என் முகத்துக்கும் தண்ணீருக்கும் ஒரு சாண்தான் இருந்தது. நானாக நகர முடியாது. அந்த நேரம் எனக்கு வந்த பயம், முதுகெலும்பு ஒடிந்து சாலையில் கிடந்தபோதுகூட வரவில்லை.

தெருக்காரர்கள் நான்கு பேர் வந்தார்கள். ஒரு போர்வையில் என்னைப் போட்டு, நான்கு மூலையையும் பிடித்துத் தூக்கி, மேட்டில் நின்ற டிராக்டர் டிரெய்லருக்குக் கொண்டுபோனார்கள். போர்வை தொட்டில் போலத் தொங்கியது. நடுப்பகுதி வெள்ளத்தில் முங்கி முங்கி எழுந்தது. அந்த நடுப்பகுதியில்தான் புண் என்று தூக்கியவர்களுக்குத் தெரியாது. வீட்டுக்காரருக்குத் தெரியும். "இடுப்ப ஒசத்திப் புடிங்கப்பா! இடுப்ப, இடுப்ப!" என்று கத்திக்கொண்டே வந்தார். அந்த அவசரத்தில் யார் காதிலும் அது ஏறவில்லை. உயிரைத் தூக்குகிறவர்கள் அவர்கள். அவர்களை ஒரு குறை சொல்ல முடியாது.

பள்ளிக்கூடத்தில் தங்கவைத்தார்கள். ஒரு வகுப்பறையில் முப்பது நாற்பது பேர், ஆடு ஒன்று. பெண்கள் இரண்டு சேலைகளைச் சேர்த்து ஜன்னல் கம்பியில் கட்டி எனக்கு ஒரு மறைப்பு செய்துகொடுத்தார்கள். சிமெண்டுத் தரை. ஒரே ஒரு ஜமுக்காளம். வெறும் தரையில் குப்புறப் படுத்தால் மார்பெலும்பும் முழங்காலும் நேராகத் தரையில். மல்லாக்கப் படுக்கவே கூடாது. மிச்சம் இருந்தது இரண்டு பக்க இடுப்பு. இடது, வலது, மறுபடி இடது.

வீட்டுக்காரர் மார்பளவு தண்ணீரில் வீட்டுக்குத் திரும்பிப் போய்த் தலையணைகளை எடுத்து வந்தார். மூட்டையாகத் தோளில் வைத்துக்கொண்டு வந்தும் எல்லாம் நனைந்து ஊறியிருந்தன. பிழிந்து பள்ளிக்கூடச் சுற்றுச்சுவரில் வரிசையாக வைத்தார். வெயில் வரவேயில்லை. போகிறவர் வருகிறவரெல்லாம் அதைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள். வீட்டில் எத்தனையோ இருக்க, இந்த ஆள் தலையணையைக் காப்பாற்றிக்கொண்டு வந்திருக்கிறானே என்று.

பிறகு அவர் ஒரு காரியம் செய்தார். சுவரில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்தார். என்னை இழுத்துத் தன் தொடைகளின் மேல் குறுக்காகக் குப்புறப் போட்டுக்கொண்டார். என் மார்பு ஒரு பெண்ணின் துணிமூட்டை மேல், என் தொடை அவர் தொடை மேல். முழங்கால் தரையைத் தொடவில்லை. புண் மேலே, காற்றில்.

"நீங்க எவ்ளோ நேரம் இப்பிடி உக்காருவீங்க?"

"நீ படு."

வெளியே சோறு பொட்டலம் கொடுக்கிற சத்தம் கேட்டது. அவர் எழுந்து போகவில்லை. யாரோ கொண்டுவந்து கொடுத்தார்கள். வெகுநேரம் கழித்து, என்னைப் புரட்ட வேண்டிய நேரத்தில், அவரால் எழ முடியவில்லை. இரண்டு கையாலும் தன் தொடையைத் தட்டினார். "இன்னாடி இது, என் காலும் செத்துப்போச்சு" என்றார். நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். மறைப்புக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் சேலையை விலக்கி, இந்த நிலைமையில் சிரிக்கிறவர்கள் யார் என்று எட்டிப் பார்த்தாள். நாங்கள் இருவரும் சேர்ந்து அப்படிச் சிரித்தது அதுதான் கடைசி என்று நினைக்கிறேன்.

இருந்தாலும் அவர் ஒருவர்தானே. அவர் தூங்க வேண்டும், தண்ணீர் வாங்க வரிசையில் நிற்க வேண்டும். அந்த நேரமெல்லாம் நான் இடுப்பில் கிடந்தேன். புண் மேலிருந்த கட்டுத் துணியில் வெள்ளத் தண்ணீர் ஊறியிருந்தது. மாற்றத் துணி இல்லை. யாரோ ஒரு புது வேட்டியைக் கிழித்துக் கொடுத்தார்கள்.

வீட்டுக்குத் திரும்பிய பிறகு நர்ஸ் வந்தார். ஸ்கூட்டி இல்லை, நடந்து வந்தார். பேச்சுச் சத்தம் கேட்கவில்லை என்பதால் வேறு யாரோ என்று நினைத்தேன். பாதத்தில் சேறு. "எங்க வூட்லயும் தண்ணிமா. பீரோ வரைக்கும்" என்றார். கட்டைப் பிரித்தார். பிறகு என் தலைப்பக்கம் வந்து தரையில் உட்கார்ந்தார். அத்தனை மாதத்தில் அவர் அப்படி உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. கண்கள் சிவந்திருந்தன.

"ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்மா" என்றார்.

"பெரிசாயிடுச்சா?"

"போயிடலாம்மா."

அன்றைக்குச் சாயந்திரமே குளிர் எடுத்தது. பல் அடித்துக்கொள்கிற குளிர். அடுத்து நடந்தவை எனக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கின்றன. வேனின் கூரை, ஊசி, ஆக்சிஜன் மாஸ்க்கின் ரப்பர் வாடை, வராந்தாவில் அம்மா என் வீட்டுக்காரரிடம் ஏதோ கேட்டு அழுதது. புண்ணை மறுபடி வெட்டித் திறந்திருக்கிறார்கள். புளியங்கொட்டை போய், எலுமிச்சம்பழமும் போய், இப்போது ஒரு கைப்பிடி அளவு. இரண்டு இடுப்பிலும் புதிதாக ஒவ்வொன்று. ஒரு முழங்காலில் ஒன்று.

அதே டாக்டர்தான் வந்தார். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எலும்பிலேயே சீழ் பிடித்திருக்கிறது என்றார்.

"பொங்கலுக்கப்புறம் மூடிடலாம்னு சொன்னீங்களே டாக்டர்?" வீட்டுக்காரர் கேட்டார். அன்றைக்குச் சொன்னதை இன்றைக்கு ஞாபகப்படுத்தினால் டாக்டர் கட்டுப்பட்டுவிடுவார் என்பது போல இருந்தது அவர் கேட்ட விதம்.

"இப்ப மூடினா உள்ள இருக்கறது உள்ளயே தங்கிடும். இனிமே மூடறதப் பத்தி யோசிக்க வேணாம். பெரிசாகாமப் பாத்துக்கறதுதான்."

"எடை விழாமப் பாத்துக்கறேன் டாக்டர். வூட்லயே இருக்கேன். வேலைக்குக்கூடப் போவல."

டாக்டர் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "நீங்க பாத்துப்பீங்கன்னு எனக்குத் தெரியும்" என்று மட்டும் சொன்னார்.

படுத்தே கிடந்து யோசித்ததில் எனக்குத் தெளிவானது ஒன்றுதான். எடையை இல்லாமல் ஆக்க முடியாது. ஓர் இடத்திலிருந்து எடுத்தால் இன்னோர் இடத்தில் வைத்தாக வேண்டும். இருக்கிறவரைக்கும் இந்த உடம்பு எதன் மேலாவது படுத்துத்தான் ஆக வேண்டும். பின்பக்கம் புண். இடது புண். வலது புண். குப்புறப் படுக்கலாம் என்றால், காய்ச்சலில் கிடந்த வாரங்களில் தொடை மடங்கி இறுகிவிட்டது. நீட்டினால் நீளவில்லை. குப்புறப் போட்டால் எடை முழுக்க முழங்காலில் இறங்குகிறது. இனிமேல் செய்யக்கூடியது, எந்தப் புண்ணுக்கு இன்று எவ்வளவு என்று பங்கு வைப்பதுதான். வீட்டுக்காரர் அதைச் செய்கிறார். தலையணைகள் இப்போது பத்துப் பன்னிரண்டு இருக்கும். புரட்டி முடித்ததும் கையை விட்டுப் பார்ப்பார். "உம்" என்ற சத்தம் வருவதில்லை. கையை எடுத்துக்கொண்டு போய்விடுவார். அவருக்கும் இடுப்பு வலி வந்துவிட்டது. என்னைத் தூக்குமுன் ஒருமுறை பல்லைக் கடிக்கிறார், எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு.

மகள் இப்போது ஏழாம் வகுப்பு. போன கோடை விடுமுறையில் இங்கே வந்து தங்குவதாக இருந்தது. அவள் வரவில்லை. போனில் பேசினாள்.

"ம்மா, நான் ஆயா வூட்லயே இருந்துக்கறேன்மா. இங்க டியூஷன் இருக்குது."

"சரிடி கண்ணு."

"கோவமா?"

"கோவம் இல்ல. நல்லாப் படி."

டியூஷன் உண்மையாகவே இருக்கலாம். அவள் அங்கே இருப்பதுதான் நல்லது என்று நானே அம்மாவிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். போனை வைத்த பிறகு, அவள் கோபமா என்று கேட்டபோது குரல் எவ்வளவு பெரியவளுடையதாக இருந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்குக் கொஞ்ச நாள் கழித்து ஒரு பிற்பகலில் அவரிடம் சொன்னேன். "என்னை மல்லாக்கப் படுக்க வையுங்க."

"இன்னா பேசற?"

"கொஞ்ச நேரம். ஆறப் போறதில்லன்னு ஆயிடுச்சு. இன்னும் எதுக்கு?"

"பெரிசாவும்டி."

"ஆவட்டும்."

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். வெளியே போனார். குழாயில் முகம் கழுவுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தார். தலையணைகளை ஒவ்வொன்றாக எடுத்தார். ஒரு கையைத் தோளுக்கும் ஒரு கையைத் தொடைக்கும் கொடுத்து என்னை மெதுவாக மல்லாத்தினார். முதுகு முழுக்க மெத்தையில் படிந்தது. இடுப்புக்கு மேலே இருக்கிற பாதி முதுகுதான் எனக்குத் தெரியும், அந்தப் பாதிக்கு அது எவ்வளவு சுகமாக இருந்தது என்று சொல்ல எனக்கு வார்த்தை கிடையாது. முழு மூச்சு வந்தது. ஓட்டு இடுக்கில் ஒட்டடை தொங்கியது. அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். முன்தலை நரைத்துவிட்டிருந்தது. முகத்தைச் சவரம் செய்து எத்தனையோ நாள் ஆகியிருக்க வேண்டும். அவர் கை என் கையின் மேல் இருந்தது.

"போதும்டி" என்றார் பிறகு. புரட்டியபோது கட்டு நனைந்திருந்தது.

இப்போது சில பிற்பகல்களில் அப்படிப் படுக்கிறேன். நான் கேட்பேன், சில நாள் அவரே கேட்பார். நர்ஸுக்குத் தெரியும். கட்டைப் பிரித்தால் தெரியாமல் இருக்குமா. போன வாரம், "எவ்ளோ நேரம் படுத்தே?" என்று கேட்டார்.

"கொஞ்ச நேரம்தான் சிஸ்டர்."

அவர் உள்ளே வைக்கும் துணியை முன்பைவிட நீளமாகக் கத்தரித்தார். கத்தரிக்கும் சத்தத்தில் எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரிந்துவிடுகிறது.